பத்தாயிரத்து ஏழு பேர்

மைதானக்காரர்: ...மறுபடி சொல்லு. எத்தனை பேரு?

டான்ஸ் டீச்சர்: பத்தாயிரத்து ஏழு.

மைதானக்காரர்: நல்லா எண்ணினியா?

டான்ஸ் டீச்சர்: எண்ணாமலா வருவேன்? நாளைக்குக் காலையில உலக சாதனை ஆட்டம். சீக்கிரம் மைதானத்துல வரிசைக்குச் சுண்ணாம்புக் கோடு போடுங்க.

மைதானக்காரர்: போடறேன். எத்தனை வரிசைன்னு சொல்லு.

டான்ஸ் டீச்சர்: அது உங்க பாடு. எல்லா வரிசையிலயும் ஒரே அளவு ஆள் நிக்கணும். ஒருத்தர் மிஞ்சினாலும் சாதனைன்னு ஒத்துக்க மாட்டாங்களாம்.

மைதானக்காரர்: ம்... ரெண்டு வராது. மூணு... ம்ஹூம். ஏழு...

டான்ஸ் டீச்சர்: ஏழு வருமே! கடைசியில ஏழுதானே இருக்கு?

மைதானக்காரர்: இருந்தா? நாலு மிஞ்சுது. போ!

டான்ஸ் டீச்சர்: பதினொன்னு?

மைதானக்காரர்: எட்டு மிஞ்சுது.

டான்ஸ் டீச்சர்: பதிமூணு?

மைதானக்காரர்: பத்து... ஏய், சிரிக்கிறியா?

டான்ஸ் டீச்சர்: இருமல்ங்க.

மைதானக்காரர்: பதினேழு... பத்தொன்பது...

டான்ஸ் டீச்சர்: எது வரைக்கும் போவீங்க?

மைதானக்காரர்: நூறு வரைக்கும் போனா போதும். அதுக்குள்ள வகுபடலேன்னா அப்புறம் எதுக்கும் மசியாது.

டான்ஸ் டீச்சர்: ...டீ ஆறிப் போச்சு.

மைதானக்காரர்: இரு, இரு... தொண்ணூத்தேழும் போச்சு! பகா எண்ணு. குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கு. எல்லாரும் ஒரே வரிசையா நிக்கணும், இல்லேன்னா ஆளுக்கொரு வரிசை.

டான்ஸ் டீச்சர்: அய்யய்யோ... மூணு மாசப் பாடு!

மைதானக்காரர்: ஒருத்தரைக் குறைச்சிடேன்.

டான்ஸ் டீச்சர்: யாரை? நீங்களே போய் அவங்க மூஞ்சியைப் பார்த்துச் சொல்லுங்க.

மைதானக்காரர்: ...வேணாம். குறைச்சாலும் ரெண்டே வரிசைதான். வரிசைக்கு அஞ்சாயிரத்து மூணு பேர். கடைசி ஆளு அடுத்த ஊர்ல நிக்கணும்.

டான்ஸ் டீச்சர்: ஒருத்தரைச் சேர்த்தா?

மைதானக்காரர்: சேர்த்தா... எட்டால போகுது. அட, ஒன்பதாலயும் போகுது! எழுபத்திரண்டு வரிசை, வரிசைக்கு நூத்தி முப்பத்தொன்பது. அடியம்மா, அம்சமா உக்காருதே!

டான்ஸ் டீச்சர்: அப்ப ஒரே ஒரு ஆளு போதும்.

மைதானக்காரர்: ஆட்டம் தெரிஞ்ச ஆளை இப்ப எங்க போய்ப் பிடிக்கிறது?

டான்ஸ் டீச்சர்: எதிர்லயே நிக்கிறாரு.

மைதானக்காரர்: நானா? நம்ம கல்யாணத்துல ஆடி, மேடையோட சரிஞ்சேனே... ஊரே சிரிச்சுது. அதோட ஆட்டத்துக்கே ஒரு கும்பிடு!

டான்ஸ் டீச்சர்: கும்பிடு போட்டவருதான் சுண்ணாம்பு வண்டி தள்ளும்போது என் ஒத்திகைப் பாட்டுக்கு ஆடுறாரா?

மைதானக்காரர்: ...பார்த்துட்டியா?

டான்ஸ் டீச்சர்: ஜன்னல்னு ஒண்ணு எதுக்கு இருக்கு? எல்லா அடியும் சரி. ரெண்டாவது சுத்துல மட்டும் இடது கால் முந்துது.

மைதானக்காரர்: அது... புல்லு வழுக்குது.

டான்ஸ் டீச்சர்: ஆசை இல்லாமலா மூணு மாசமா வழுக்குது?

மைதானக்காரர்: ஆசைதான்டி... இல்லேன்னு யாரு சொன்னா? ஆனா நீ மேடையில நிப்ப. நான் அந்தக் கூட்டத்துல தடுமாறினா யாரு கையைப் பிடிக்கிறது?

டான்ஸ் டீச்சர்: மேடையில யாரு நிக்கப் போறா? வந்தவங்க பத்தாயிரத்து ஆறு பேர்தாங்க... உங்களை இழுத்துவிடணும்னே என்னையும் சேர்த்து எண்ணினேன். நாளைக்கு உங்க பக்கத்துல நிக்கிறது நான்தான்!