குழிக்குள் இறங்கிய குழாய்

விவேக் நகர் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் சொன்னாள்:

"எங்க வீட்டுக் குழாயைக் குழிக்குள்ள எறக்கிட்டோம்க்கா."

"ஐயோ, ஏன்டி?"

"கார்ப்பரேஷன் தண்ணி மேல சொட்டு சொட்டாதான் வந்துச்சு. மண்ணுக்கடியில பைப்பு லீக்கான எடத்துல மட்டும் பீச்சி அடிச்சுது. அதைப் பாத்துட்டுதான் இடுப்பளவு குழி தோண்டி, குழாயை அங்க வச்சோம்."

"வந்துச்சா?"

"கொடத்தையே தள்ளிடுச்சுக்கா! அதே பைப்பு, அதே தண்ணி. மோட்டார் கூட இல்ல. நாம கீழ எறங்குனா அதுக்கு அவ்ளோ வேகம் வருது."

பெரியவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இருபது வருஷமா காலி கொடத்தோட சாமியை வேண்டிக்கிட்டு நின்னேனேடி," என்றாள் மெதுவாக. "என் காலுக்குக் கீழயேவா நின்னுச்சு தண்ணி?"