அறிவித்தலில் விடுபட்ட மருமகன்

கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் எங்கள் தலைவர் தவராஜா அவர்களே! பனியிலும் பாதை தவறாமல் கிரின்ஸ்டெட்டிலிருந்து கார் ஓட்டி வந்திருக்கும் பெரியோர்களே! ஓல்போர்க்கிலிருந்து வேலை மாற்றிக்கொண்டு ஓடோடி வந்த உறவுகளே! அடுப்பை அணைத்தோமா, கதவைப் பூட்டினோமா என்று யோசித்தபடியே எனக்காகக் காது கொடுத்திருக்கும் அன்னையரே! டெனிஷில் சிரித்துத் தமிழில் சாப்பிடும் இளையோரே! இந்த ஹொல்ஸ்டெப்ரோ மண்டபத்தில் கூடியிருக்கும் அனைவருக்கும் அடியேன் நித்தியானந்தனின் அன்பு வணக்கம்.

தலைவர் எனக்குப் பத்து நிமிடம் தந்திருக்கிறார். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், உங்களுக்கு என்னைத் தெரியும். முப்பத்தைந்து ஆண்டுகளாக இந்த ஊரில் எந்த விழா என்றாலும் ஒலிவாங்கியை விடாமல் பிடித்தவன் நான். ஆனால் இன்று இந்த ஒலிவாங்கி எனக்குக் கனக்கிறது. ஏன் கனக்கிறது என்பதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

விழாவின் நாயகர் மோரிஸ் ஹேய்வுட், இதோ முதல் வரிசையில் அமர்ந்திருக்கிறார். என் மகள் கஜந்தியின் கணவர். நாளை அவர் அமெரிக்கா பறக்கிறார். முப்பது ஆண்டுகளுக்கு முன் நான்கு நண்பர்கள் சேர்ந்து தொடங்கிய மில்பேர்ன் ஸ்ட்ரீட் என்ற ஹிப்ஹொப் குழு, அவர்கள் பிறந்த கிளீவ்லன்ட் நகரத்தில் மீண்டும் ஒரே மேடையில் ஏறுகிறது. அதற்காகத்தான் இந்தப் பொன்னாடை, அதற்காகத்தான் இந்தப் பாராட்டு. மேடைத் தமிழ் அவருக்கு அவ்வளவாக விளங்காது. என் பேர்த்தி துவாரகா பக்கத்தில் இருந்து டெனிஷில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

யார் இந்த மோரிஸ்? பேருந்து ஓட்டிப் பிள்ளை வளர்த்த தாயின் மகன். தேவாலயத்தின் நிலவறையில், பழைய நாற்காலிகளுக்கு நடுவில், பதினெட்டு வயதில் பாடத் தொடங்கியவர். அது பாட்டா? இதே கேள்வியை நானும் கேட்டவன்தான்! சொல்லைச் சுழற்றி, சுருதிக்குள் சுருட்டி, தாளத்தில் தட்டி, தன் தெருவின் துயரையும் துள்ளலையும் தலைநிமிர்ந்து சொல்கிற கலை அது. அடுக்குமொழி பேசிக் கைதட்டு வாங்கும் நான் அதைக் குறை சொல்லலாமா? சொன்னேன். பல ஆண்டுகள் சொன்னேன்.

அந்தக் குழுவில் மூன்று பேர் முன்னால் நிற்பார்கள். மோரிஸ் ஓரடி பின்னால் நிற்பார். முன்னால் நிற்பவர் மூச்சு வாங்கும் இடத்தில், அந்த வரியின் கடைசிச் சொல்லைச் சேர்ந்து சொல்லித் தாங்கிப் பிடிப்பதுதான் அவருடைய வேலை. முதல் இசைத்தட்டில் அவருக்கென்று இருந்தவை எட்டே எட்டு வரிகள். எட்டு வரிக்காரர் என்று நான் கூடக் கேலி செய்திருக்கிறேன். ஆனால் கேளுங்கள், அந்த மூன்று பேரும் அவர் இல்லாமல் ஒரு பாட்டை முழுதாகப் பாடி முடித்ததில்லை.

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு அந்தக் குழு ஓல்போர்க் வந்தது. பாடிக்கொண்டிருக்கும்போதே இவருக்கு வயிற்றில் குத்து. குடல்வால் வெடித்துவிட்டது. சத்திரசிகிச்சை முடிந்து கண்விழித்தபோது குழு அடுத்த ஊருக்குப் போய்விட்டிருந்தது. ஒப்பந்தம் அப்படி, அவர்களைக் குறை சொல்ல முடியாது. தெரியாத நாடு, தெரியாத மொழி, பக்கத்தில் ஒரு முகமில்லை. இருந்தது ஒருத்தி. தாதியர் படிப்பின் கடைசி ஆண்டில் அங்கே பயிற்சிக்குப் போயிருந்த என் மகள். மிச்சத்தை நான் சொல்லவேண்டுமா? அங்கே பின் வரிசையில் இளையோர் கைதட்டுகிறீர்கள். நான் அன்று கைதட்டவில்லை.

கைதட்டவில்லை, கதவையும் சாத்தவில்லை. பதிவுத் திருமணத்துக்குக் கோட் போட்டுக்கொண்டு போய்க் கல்லாய் நின்றேன். குழு பின்பு கலைந்தது. இவர் இங்கேயே தங்கி, டெனிஷ் படித்து, இளைஞர் கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். இங்கிருக்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் அவரிடம் தாளம் பழகியவர்கள்? கையை உயர்த்துங்கள். பார்த்தீர்களா தலைவரே, மண்டபத்தில் பாதி!

எங்கள் வீட்டுச் சமையலறைக்கு வருகிறேன். என் மனைவி ஞானேஸ்வரி கோப்பை கழுவுவார், இவர் துடைப்பார். தமிழ் தெரியாது. ஆனால் பின்னால் நின்று பழகிய வாய் சும்மா இருக்குமா? அவர் "மழை வரப்போகுது, உடுப்பை எடுக்கவேணும்" என்பார். இவர் "எடுக்கவேணும்" என்பார். "தேங்காய்ப்பூ காணாது" என்றால், "காணாது." இப்படி வரியின் கடைசிச் சொல்லைப் பிடித்துப் பிடித்தே தமிழ் படித்தார். உன்னைப் பகிடி பண்ணுகிறான் என்று நான் மனைவியிடம் எரிந்து விழுந்தேன். அவர் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "அவர் நான் கதைக்கிறதைக் கேட்டுக்கொண்டு நிக்கிறார். உங்களுக்கு அது ஒருநாளும் வரேல்லை." தாய்மார் மட்டும் சிரிக்கிறீர்கள். சரி, எனக்கு வேண்டியதுதான்.

சென்ற ஆண்டு ஞானேஸ்வரி மருத்துவமனையில் கிடந்தார். மூச்சுக்கும் பேச்சுக்கும் நடுவே பெரும் போராட்டம். ஒரு வசனத்தைத் தொடங்குவார், முடிக்கத் தெம்பிராது. கட்டிலோரம் இருந்து மோரிஸ் முடித்துக் கொடுப்பார். ஒரு பிற்பகல் என்னைப் பார்த்தபடி ஞானேஸ்வரி சொன்னார்: "இவர் தனிய இருக்கப்போறார்." அத்தனை ஆண்டுகளும் மாமி சொன்ன சொல்லையே திருப்பிச் சொன்ன மனிதர், அன்று முதல்முறையாகச் சொல்லை மாற்றினார். "இருக்கமாட்டார்" என்றார். என் மனைவி கண்ணை மூடிக்கொண்டு தலையசைத்தார். அதற்குப் பிறகு அதிக நாள் அவர் எங்களோடு இருக்கவில்லை.

இனிமேல் நான் சொல்லப்போவது எனக்குப் பெருமை தருவதில்லை.

மரண அறிவித்தல் எப்படி எழுதுவோம் என்று உங்களுக்குத் தெரியும். உரும்பிராயைப் பிறப்பிடமாகவும் ஹொல்ஸ்டெப்ரோவை வதிவிடமாகவும் கொண்ட என்று தொடங்கி, இன்னாரின் அன்பு மனைவியும், இன்னாரின் பாசமிகு தாயாரும் என்று ஒருவரையும் விடாமல் எழுதுவோம். நானே எழுதினேன். ஸ்கார்பரோவில் இருக்கும் ஒன்றுவிட்ட சகோதரரை விடவில்லை. என் மகன் தாரகனின் மனைவியை மருமகள் என்று போட்டேன். மோரிஸ் என்ற பெயரை மட்டும் விட்டுவிட்டேன். மறந்தா விட்டேன்? இல்லை, சபையோரே, இல்லை! தெரிந்தே விட்டேன். பாரிஸிலிருந்தும் கனடாவிலிருந்தும் தொலைபேசி எடுப்பார்கள், இது யார், எந்த ஊர், ஆருடைய பிள்ளை என்று கேட்பார்கள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்தேன். மேடையில் சிங்கம் என்று நீங்கள் சொல்லும் இந்த நித்தியானந்தன், ஒரு தொலைபேசி அழைப்புக்குப் பயந்தான்.

செத்தவீட்டன்று காலை, சமையலறை மேசையில் கஜந்தி அந்த அறிவித்தலைத் தன் கணவருக்கு வாசித்து டெனிஷில் சொன்னாள். நான் எதிரே இருந்தேன். மருமகள் என்ற இடம் வந்ததும் அவள் நிமிர்ந்து மோரிஸைப் பார்த்தாள். பிறகு, அங்கே இல்லாத ஒரு வரியை வாசித்தாள்: மோரிஸின் அன்பு மாமியாரும். வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள். மோரிஸ் எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்தார். "மாமா, என்ர பேரைப் போட்டதுக்கு நன்றி" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஓம்" என்றேன்.

அன்றே அவர் தன் மாமியின் பெட்டியைத் தோளில் சுமந்தார். அந்த ஓமை நான் ஓராண்டாகச் சுமக்கிறேன். மகளே கஜந்தி, உன்னைப் பொய் சொல்ல வைத்தவன் உன் அப்பாதான், என்னை மன்னித்துவிடு. துவாரகா, ஏன் நிறுத்திவிட்டாய்? அழாதே பிள்ளை. அம்மா அன்று ஒரு வரி கூட்டினாள், நீ ஒன்றும் கூட்டாதே, ஒன்றும் குறைக்காதே. தாத்தா சொன்னதை உள்ளபடி உன் அப்பாவிடம் சொல்லு. நான் காத்திருக்கிறேன்.

தலைவரே, மணியை அடிக்காதீர்கள். அவர் எழும்பி வருகிறார். படி கவனம், மோரிஸ்.

சபையோரே, இப்போது இவர் என் காதில் சொன்னதை உங்களுக்கும் சொல்லவேண்டும். "மாமா, எனக்குத் தெரியும்" என்கிறார். "துவாரகா தமிழ்ப் பள்ளிக்குப் போன முதல் வருசம் என்ர பேரை எழுதக் காட்டித் தந்தவள். கஜந்தி வாசிக்க முதலே நான் போனில தேடிப் பாத்திட்டன். இருக்கேல்லை." பிறகு எதற்காக ஐயா நன்றி சொன்னீர் என்று கேட்டேன். "நீங்கள் அழுதுகொண்டு இருந்தனீங்கள். நன்றி சொன்னா, ஒருநாளைக்குப் போடுவியள் எண்டு நினைச்சன்" என்கிறார்.

கேட்டீர்களா? கேட்டீர்களா என் மக்களே! இல்லாத பெயருக்கு நன்றி சொல்லிவிட்டு, அந்தப் பெயருக்காக ஓராண்டு முகம் கோணாமல் காத்திருந்த மனிதரையா நான் எந்த ஊர் என்று கேட்பார்களோ என்று மறைத்தேன்? இவரிடம் இருந்த பொறுமையில் ஒரு பங்கு என்னிடம் இருந்திருக்கக் கூடாதா?

அடுத்த வாரம் ஞானேஸ்வரியின் முதலாம் ஆண்டு நினைவு அறிவித்தல் வெளிவருகிறது. கனடாவும் பாரிஸும் பார்ப்பதற்கு முன் நீங்கள் கேளுங்கள். கையில்தான் வைத்திருக்கிறேன், எழுத்து கொஞ்சம் தெளிவில்லை, என் கண்தான் காரணம். "அன்னார் நித்தியானந்தனின் அன்பு மனைவியும், கஜந்தி, தாரகனின் பாசமிகு தாயாரும், கிளீவ்லன்டைப் பிறப்பிடமாகக் கொண்ட மோரிஸ் ஹேய்வுட்டின் அன்பு மாமியாரும் ஆவார்." மருமகளின் பெயருக்கும் முன்னால் போட்டிருக்கிறேன், என் ஒரே மருமகன் அவர்தானே.

போய் வாரும் மருமகனே! உம்முடைய தெருவில், உம்முடைய தோழர்களோடு, இந்த முறை ஓரடி முன்னால் நின்று பாடும். அங்கே யாராவது, உனக்கு டென்மார்க்கில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால், ஒரு மாமா இருக்கிறார், கொஞ்சம் பிந்தித்தான் வாய் திறப்பார் என்று சொல்லும்.

பொறுமையோடு கேட்ட தலைவருக்கும், கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும் தாய்மாருக்கும், உங்கள் எல்லோருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. என் மருமகனோடு சேர்ந்து நின்று கைகூப்புகிறேன், வணக்கம்.