காருக்குக் குழாய்த் தண்ணீர் வேண்டாம்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. கேட்டதைச் சொல்ல ஆசை, பொறுத்துக்கொள்ளுங்கள். மந்தாரக்குப்பம் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் பிரேக் ஒயர் வாங்க நின்றேன். எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும்.

"நெய்வேலி வெயில்ல கார் ரேடியேட்டர் தண்ணி ஐஸ் ஆயிடும்னு மருந்து வாங்கிக்கினு நிக்கிற ஒரே ஆளு நீதான்," என்றார் கணவர்.

"கொதிக்காம இருக்கவும் இந்தக் கூலன்ட்தாங்க. போன தடவ வடலூர் தாண்டுனதும் ஆவி கெளம்பி வண்டி நின்னுச்சு, அப்பாவோட கண் ஆபரேஷன் தேதி போச்சு. நாளைக்கும் அப்படி ஆவணுமா?"

"தண்ணியே போதும்டி. மைன்ஸ்ல எவ்ளோ பெரிய வண்டிய பாக்குறேன்!"

"அதுக்கு என்ன ஊத்துவீங்க?"

"கூலன்ட்."

"கம்பெனி வண்டிக்கு கூலன்ட்டு, எங்கப்பா போற வண்டிக்கு குவார்ட்டர்ஸ் குழாய்த் தண்ணியா?"

கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பச்சையா, சிவப்பாம்மா?" என்றார்.

"வண்டி புக்குல சிவப்புனு போட்டிருக்கு. தண்ணி கலக்காம அப்படியே ஊத்துற கேனா குடுங்க. பழைய தண்ணிய நானே வடிச்சிட்டேன்."

"எப்ப?" என்றார் கணவர்.

"நீங்க ஷிப்ட்டுல இருந்தப்ப."

மறுநாள் சாயங்காலம் அந்த அம்மாள் கார் ஓட்டிக்கொண்டு டவுன்ஷிப் ஆர்ச் கேட்டுக்குள் திரும்பி வந்ததைப் பார்த்தேன். முன் சீட்டில் இருந்த பெரியவருக்கு ஒரு கண்ணில் கட்டுப் போட்டிருந்தது.