தொட்டி மூடியைக் கட்டியவள்

எனக்கு வயது நாற்பத்திரண்டு. குப்பைக் கிடங்கின் பின்மதிலை ஒட்டிய தகர வீடுகளில் ஒன்பதாவது வீட்டில் என் தங்கையோடும் அவள் கணவரோடும் குடியிருந்து வந்தேன். இப்போது தங்கையும் நானும்தான் இருக்கிறோம். கிடங்கில் என்னைப் பெரியக்கா என்பார்கள். கொட்டுகிற குப்பையிலிருந்து இரும்பு, செம்பு, பித்தளை, இன்னும் உபயோகமாகிற சாமான்கள் ஆகியவற்றைப் பொறுக்கி விற்பது பதினேழு வருடமாக என் தொழில். என்னை யாரும் அழைத்து வரவில்லை. என் தங்கை கணவர் இறந்தது சம்பந்தமாகக் எங்களோடு பொறுக்குகிற கண்ணாடிக்காரர் என்பவரை நேற்றிலிருந்து இந்தக் காவல் நிலையத்தில் உட்கார வைத்திருப்பது தெரிந்து நானாக வந்தேன். அவருக்கும் எனக்கும் ஆகாது. வாயைத் திறந்தால் வம்புதான். ஆனாலும் இதை அவர் செய்யவில்லை, நான் செய்தேன்.

இறந்தவரைக் கிடங்கில் ஊசி என்பார்கள். ஒல்லியான ஆள், எந்தச் சந்திலும் நுழைந்துவிடுவார். சென்ற திங்கட்கிழமை தண்ணீர் லாரியின் பழைய தொட்டி ஒன்றைக் கொண்டுவந்து கிடங்கில் உருட்டிவிட்டுப் போனார்கள். அது பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது, ஆள் இறங்கும் வாயில் மூடி கீலோடு தொங்கியது. நான்தான் முதலில் பார்த்தேன். ஒரு பெரிய சாமானில் ஒருவர் தன் துணியைக் கட்டிவிட்டால் மற்றவர்கள் அதைத் தொடுவதில்லை. நான் மூடியைக் கட்டுக்கம்பியால் முறுக்கி என் மஞ்சள் துணியைக் கட்டினேன். தானே முதலில் பார்த்ததாகக் கண்ணாடிக்காரர் சண்டைக்கு வந்தார். ஊசி அவரை நெட்டித் தள்ளினார். அதைக் கிடங்கே பார்த்தது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஊசி என்னிடம், "அக்கா, அடியில பித்தளை வால்வு இருக்கு. உள்ள எறங்கி கழட்டிடவா?" என்று கேட்டார். கேஸ் நெருப்பால் இரும்பு வெட்டுகிறவர் மதியம் வருவார், வெயில் ஏறிவிட்டது, வேண்டாம் என்றேன். அவர் விடவில்லை. "நீ ஊசியாச்சே, எங்க வேணா நுழைவ. வெளிய இழுக்க நூலு யாரு கோத்தது?" என்று கேலி செய்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். அதன் பிறகு அவரை மேற்குப் பக்கம் ஒயர் உரிக்கப் போகச் சொன்னேன், போனார். அங்கேயே இருப்பதாகத்தான் நினைத்திருந்தேன்.

அதன் பிறகு பதினோரு மணி சுமாருக்குத் தொட்டிப் பக்கம் போனேன். என் கம்பி அவிழ்ந்து கிடந்தது. கண்ணாடிக்காரர் கைவரிசை என்று நினைத்து எனக்குக் கோபம் தலைக்கேறியது. தொட்டி, பீரோ போன்றவற்றுக்குள் இறங்குகிறவர் தன் செருப்பை ஜோடியாக வாயருகே விட்டுவிட்டு இறங்குவது எங்கள் வழக்கம். ஜோடியாகக் கிடந்தால் உள்ளே ஆள், ஒற்றையாகக் கிடந்தால் குப்பை. நான் பார்த்தபோது ஒரு செருப்புத்தான் கிடந்தது. பழுப்பு நிறம், நான் பார்த்திராத செருப்பு. ஊசி அன்று காலையில்தான் அந்த ஜோடியைக் குவியலில் எடுத்துக் காலில் போட்டிருந்தார் என்பதும், மற்றதை நாய் கவ்விக்கொண்டு போய்விட்டது என்பதும் பிற்பாடு தெரிந்தவை. நான் அந்த ஒற்றைச் செருப்பை எடுத்து ரப்பர் சேர்க்கிற சாக்கில் போட்டேன். அப்போது புல்டோசர் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்ததால் உள்ளே ஏதும் சத்தம் வந்திருந்தாலும் கேட்டிருக்காது. குனிந்து உள்ளே பார்த்திருக்கலாம், பார்க்கவில்லை. மூடியை அழுத்திக் கம்பியைக் குறடால் ஐந்து சுற்று முறுக்கினேன். நான் இடதுகைக்காரி. நீங்கள் எடுத்து வைத்திருக்கும் கம்பியின் முறுக்கு எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். கண்ணாடிக்காரருக்கு வலதுகைப் பழக்கம்.

அதன் பிறகு நாற்பது அடி தள்ளிக் கொட்டகையில் உட்கார்ந்து தகரம் பிரித்துக்கொண்டிருந்தேன். புல்டோசர் நின்றதும் தொட்டியிலிருந்து தட்டுகிற சத்தம் வந்தது. வெயிலில் காய்ந்தால் பெரிய இரும்பு எல்லாம் சத்தம் போடும். எங்களுக்கு அது காக்கைச் சத்தம் மாதிரி, யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. என்னோடு இருந்த சாக்குத் தைக்கிறவள், "பெரியக்கா, உன் தொட்டி கூப்புடுது" என்றாள். "கூப்புடட்டும், வெயில் எறங்குனா தானா அடங்கும்" என்றேன். முதலில் சத்தம் வேகமாக வந்தது, பிறகு விட்டுவிட்டு வந்தது. எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. அந்த நேரத்தில் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டரை மணிக்குக் கேஸ் வெட்டுகிறவர் வந்தார். கம்பி சுட்டதால் தண்ணீர் ஊற்றி அறுத்தார். ஊசி மூடியை ஒட்டி முழங்காலைக் கட்டியபடி இருந்தார். கழற்றிய வால்வு கையில் இருந்தது. மூடியின் உள்பக்கம் முழுக்க அந்த வால்வால் தட்டிய பித்தளைத் தடம்.

விசாரிக்க வந்த காவலரிடம், திங்கட்கிழமை கட்டியது நான், மறுபடி கட்டியது யாரென்று தெரியாது என்றேன். அது பொய். தங்கை என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள், அதனால் சொன்னேன். வேறு காரணம் இல்லை.

அதன் பிறகு வீட்டில் நான் எந்தப் பாத்திரத்தையும் மூடுவதில்லை. அக்கம்பக்கத்தில் உலை கொதித்து மூடி ஆடினால்கூட எழுந்து ஓடுகிறேன். பக்கத்து வீட்டில் யாராவது கதவைத் தட்டினால் நான் போய்த் திறக்கிறேன். என் தங்கை மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. நேற்று மடியில் சாய்த்து ஊட்டினேன். இரண்டு வாய் வாங்கியவள், "மூடியைக் கட்டுனவன் கை வெளங்காமப் போகட்டும்க்கா" என்றாள். நான் அடுத்த வாயை ஊட்டினேன். அவளுக்கு என்னை விட்டால் யாரும் இல்லை, எனக்கும் அப்படித்தான். இதைச் சொன்னால் அதுவும் போய்விடும் என்று தெரிந்துதான் சொல்கிறேன். இன்று காலை எங்கே போகிறாய் என்று கேட்டாள். நீயும் வா என்று கூட்டி வந்து வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறேன். அவளிடம் நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மேலே கண்டவை யாருடைய தூண்டுதலும் இல்லாமல் நான் சொன்னவை, அத்தனையும் நடந்தவை. எழுதி முடித்ததும் எனக்குப் படித்துக் காட்டினார்கள். கதவைத் திறந்து வைத்துச் சத்தமாகப் படிக்கும்படி நான் கேட்டுக்கொண்டேன், அப்படியே படித்தார்கள். பாதியில் என் தங்கை பெஞ்சிலிருந்து எழுந்து வந்து நிலைப்படியில் நின்று கடைசி வரை கேட்டாள். ஒரு வார்த்தையும் மாற்ற வேண்டியதில்லை என்று சொல்லிக் கையொப்பம் இட்டேன்.