வரிசையில் வந்த மன்னிப்பு

நீள மேசையின் தலைப்பக்கத்தில் துறைத்தலைவர். அவருக்கு வலப்பக்கம் பாடநூல் அலுவலக அதிகாரி. எதிரே, சன்னலுக்கு முதுகு காட்டி, நிறவெறி ஆய்வில் இருபது வருடம் உழைத்த பேராசிரியர். கதவோரம் கூட்டக் குறிப்பு எழுதும் உதவியாளர். பேராசிரியர் எழுதிய நான்கு நிறவெறி எதிர்ப்புப் பாடங்களும் எல்லாப் பள்ளிகளுக்கும் போகவேண்டும் என்று முடிவாகி, கையெழுத்துப் போட அதிகாரி பேனாவை எடுத்த நேரத்தில் பேராசிரியரின் கைப்பேசி அதிர்ந்தது. தங்கை, சிறுமி குருவியின் அம்மா. வேலை நேரத்தில் கூப்பிடுகிறவள் இல்லை, எடுத்துவிட்டார். உதவியாளருக்குக் கேட்டதெல்லாம் இந்தப் பக்கத்துப் பேச்சுதான்.

"ஹலோ... சொல்லுடி, கூட்டத்துல இருக்கேன்... அழாம சொல்லு. குருவிக்கு என்ன?... காய்ச்சலா?... பின்ன ஏன் ஸ்கூலுக்குப் போகமாட்டேங்கறா?... ஆமா, ஆமா, என் பாடந்தான். நாலாவது பாடம். அவ ஸ்கூல்லதான் முதல்ல நடத்திப் பாக்கறாங்க, நான்தான் சொல்லிவெச்சேன்..."

ஒரு நிமிடம் என்று அதிகாரிக்கு விரல் காட்டினார்.

"எழுப்பி நிக்க வெச்சாங்களா?... ஆமாடி, அப்படித்தான் எழுதியிருக்கேன். பாதிக்கப்பட்ட பிள்ளை தன் அனுபவத்தச் சொல்லட்டும்னு... அந்த வகுப்புல நம்ம நிறத்துல அவ ஒருத்திதானா... இரு, குறுக்க பேசல. சொல்லு."

நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். உதவியாளர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"எனக்கு அப்படி எதுவும் நடக்கலயே டீச்சர்னு சொன்னாளா?... விடலையா. பயப்படாம சொல்லுன்னு... ம்... ம்... இடைவேளையில?... வகுப்பு மொத்தமுமா? வரிசையில வந்து மன்னிப்புக் கேட்டாங்களா... கூடவே சுத்துற பொண்ணுமா?"

துறைத்தலைவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேராசிரியரின் முகத்தைப் பார்த்ததும் தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

"இல்லடி, இருபது வருஷமா நான் பாத்த பிள்ளைங்க... சரி. சரி, விடறேன்... ஆமா. ஊருக்கெல்லாம் வைத்தியம் பாக்கப் போயி நம்ம பிள்ளைக்கு நோயக் குடுத்துட்டேன்... கோவமில்லடி. அவகிட்ட குடு. பெரியம்மான்னு சொல்லு... வேணாங்கறாளா... என்ன கேக்கச் சொல்றா?... 'நான் பாவமா'ன்னு கேக்கறாளா?... இல்லடா கண்ணு... ஹலோ... ஹலோ?"

இணைப்பு அறுந்திருந்தது.

அதிகாரி நிதானமாகவே பேசினார். ஒரு பள்ளியில் ஒரு சங்கடம், இதெல்லாம் சகஜம். இப்போது ஒரு பாடத்தை உருவினால் மொத்தமும் திரும்பப் பாடநூல் குழுவுக்குப் போகும். இன்னொரு முறை இந்த மேசைவரை வருமா என்பது சந்தேகந்தான். ஒரு குழந்தைக்காகவா என்று கேட்டார்.

"அந்த மாதிரி ஒரு குழந்தைக்காகத்தானே சார் எழுதினேன்."

ஒரு தாள் வாங்கி அங்கேயே எழுதினார். நான்கு பாடங்களையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இப்படி ஒரு பிள்ளை தனியாக உட்கார்ந்திருக்கும் வகுப்பில் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு மறுபடி எழுதுவேன். அப்போது இடமிருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மறுபடி தங்கையை அழைத்தார். எடுக்கவில்லை. தாளை மடித்து உறைக்குள் வைத்து, ஓரத்தைப் பசை பிடிக்கும்வரை கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தார். பிறகு உதவியாளரிடம் நீட்டினார். இன்றைக்கே குழுவுக்குப் போய்விடட்டும் என்றார்.