நான்கு விரல் இடைவெளி

தலைமை வகிக்கும் பாடசாலை அதிபர் ஐயா அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, முன்வரிசையில் கண் கலங்கி அமர்ந்திருக்கும் மீனம்மா அவர்களே, என் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் படலையைத் திறந்து வைக்கும் தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் உங்கள் மிஸி, முள்ளியவளை மருத்துவமாது சிவனேஸ்வரியின் வணக்கம்.

நான் மேடை ஏறியபோது சிலர் என் சேலையைப் பார்த்தீர்கள். ஒருவரையொருவர் இடித்துக் காட்டவும் செய்தீர்கள். ஓம், சேறுதான்! இந்த மாரியின் முதல் மழை நேற்று விழுந்தது. குமுழமுனையில் ஒரு தாயைப் பார்த்துவிட்டு நேரே இங்கு வருகிறேன். பையில் மாற்றுச் சேலை இருக்கிறது, மாற்றுவதற்கு நேரமும் இருந்தது. வேண்டுமென்றேதான் மாற்றவில்லை. ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்த மேடைக்கு வந்தேன்.

மோட்டார் சைக்கிள் திருத்திய கராஜ்காரர், நாம் எல்லோரும் பாஸ் என்று கூப்பிட்ட கதிர்காமநாதன், மலேரியாக் காய்ச்சலில் நம்மை விட்டுப் போய் இன்று பதின்மூன்று நாட்கள். யார் இந்தக் கதிர்காமநாதன்? பட்டம் பெற்றவரா? பதவி வகித்தவரா? இல்லை. ஒரு புளியமரத்தின் கீழே நான்கு தகரத்தில் ஒரு கூரை, ஒரு குறடு, மூன்று சுத்தியல், அவ்வளவுதான் அவர் சொத்து. ஆனால் அந்தப் புளியமரத்தின் கீழே அவர் செய்த ஒரு வேலையால் உயிரோடு இருக்கிறவர்கள் இந்த மண்டபத்தில் எத்தனை பேர் தெரியுமா? எனக்குத் தெரியும். என் பதிவேட்டில் அவர்கள் பெயர் இருக்கிறது.

தொண்ணூற்றாறாம் ஆண்டு கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து நான் இங்கு வந்தேன். என்னோடு வந்தது ஒரு சின்ன மோட்டார் சைக்கிள். கிளிநொச்சித் தார் றோட்டில் நல்ல பிள்ளையாக ஓடியது, இந்த மணலைக் கண்டதும் மாடு மாதிரிப் படுத்துக்கொண்டது. ஒரே கிழமையில் மூன்று முறை விழுந்தேன். மூன்றாம் முறை விழுந்த கோபத்தில் அதை உருட்டிக்கொண்டு போய்ப் பாஸின் முற்றத்தில் சாத்தினேன்.

அவர் குந்தியிருந்து முன் சக்கரத்தைப் பார்த்தார்.

"மிஸி, உந்தச் சில்லு மெல்லிசு. மணலை வெட்டிக்கொண்டு கீழ போகுது. முன்னுக்கு அகலச் சில்லு போடவேணும்."

"போட ஏலுமோ?"

"ஏலாது. ஆனா போடுவம்."

இதுதான் கதிர்காமநாதன்! இந்த மூன்று சொற்களுக்குள் அந்த மனிதர் முழுதாக இருக்கிறார். என்ன இருந்தது அன்றைக்கு நம்மிடம்? பெற்றோல் இல்லை, மண்ணெண்ணெயில் ஓடினோம். புது ரயர் இங்கு வரத் தடை. மின்சாரம் இல்லை, ஒட்டு வேலைக்கு வழியே இல்லை. பாஸ் என்ன செய்தார்? ஓடாமல் கிடந்த ஒரு பெரிய மோட்டார் சைக்கிளின் பின் சில்லைக் கழற்றினார். ஒவ்வொரு கம்பியாக வெட்டி, மரை போட்டு, என் சைக்கிளின் நடுக்கட்டையில் கோத்தார். முன் கால்கள் இரண்டுக்கும் நடுவே அந்தச் சில்லு அடங்கவில்லை. கால்களை அகட்டினார், அச்சை நீளமாக்கினார். சேறு தடுக்கும் பழைய மட்காட் அதற்குப் பொருந்துமா? பொருந்தாது. எண்ணெய்ப் பீப்பாயை வெட்டித் தகரம் எடுத்தார். தென்னங்குற்றியில் வைத்து இரண்டு நாள் தட்டித் தட்டி வளைத்தார். ஒட்ட முடியாத இடத்தில் ஆணியைத் துண்டாக்கி அறைந்து இறுக்கினார். தகரத்தின் மறு நுனியை இரண்டு நாளும் பிடித்திருந்தவர் யார்? இதோ இருக்கிறாரே, தருமபுரத்து மலையகக் குடும்பத்திலிருந்து வாழ வந்த அவர் மனைவி மீனம்மா, அவர்தான்.

அந்தச் சில்லோடு நான் மணலில் போனதைப் பார்க்க வீதியில் சனம் நின்றது. "மிஸி உழவு மிசினில வாறா" என்று பகிடி பண்ணினார்கள். பண்ணட்டும்! நான் விழவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அந்த ஐப்பசி மழையில் குமுழமுனை வயற்கரையில் இராசமலருக்குப் பிரசவக் குத்து எடுத்துவிட்டது என்று ஆள் வந்தது. புறப்பட்டேன். மணல் முடிந்து களி தொடங்கியது. குழலுக்குள் பிட்டு அடைத்த மாதிரி சில்லுக்கும் மட்காட்டுக்கும் நடுவே களிமண் ஏறி இறுகியது. சில்லு நின்றது. நான் நிற்கவில்லை! ஹாண்டிலுக்கு மேலால் பறந்து வயலுக்குள் விழுந்தேன். முழங்கால் கிழிந்தது. மிச்ச இரண்டு மைலை நொண்டி நொண்டி நடந்தேன். போய்ச் சேர்ந்தபோது பிள்ளை பிறந்து கிடந்தது. இராசமலருக்கு இரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. அந்த இரவைத் தாண்டுவாளா என்று எனக்கே தெரியாது. தாண்டினாள். அதோ மூன்றாம் வரிசையில் மகளை மடியில் வைத்துக்கொண்டிருக்கிறாள். ஆனால் அது நான் பிந்திப் போயும் தப்பிய உயிர்.

இரண்டு நாள் கழித்து அவள் கணவர் பிரதாபன் கராஜுக்கு வந்தார். கையில் மண்வெட்டிப் பிடி. பின்னால் பத்துப் பேர்.

"உன்ர தகரம் என்ர மனிசியைக் கொல்லப் பாத்ததடா! மட்காட் போடத் தெரியாட்டி கராஜை மூடிப்போட்டுப் போவன்!"

பாஸ் எழுந்து நின்றார். கையைத் துடைத்தார்.

"ஓம் தம்பி. சில்லுக்கும் தகரத்துக்கும் விட்ட இடைவெளி காணாது. பிழை என்ரதான்."

அன்றிலிருந்து எத்தனை மாதம் அவர் கராஜ் ஆள் இல்லாமல் கிடந்தது! "கதிர்காமநாதன்ர மட்காட் மிஸியைத் தூக்கி எறிஞ்சது" என்று எத்தனை வாய் சிரித்தது! அந்தப் பிழையை அவர் நான்கு ஆண்டுகள் சுமந்தார். கண்ணை மூடும்வரை சுமந்தார்.

சபையோரே, இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள். அந்தப் பிழை அவருடையது அல்ல. என்னுடையது.

மட்காட்டுக்கு அளவு எடுத்த அன்று பாஸ் தன் கையைச் சில்லின் மேல் வைத்துக் காட்டினார்.

"நாலு விரல் விடவேணும் மிஸி. மாரிக்குக் களி ஏறும்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"நாலு விரலோ! பிறகு என்ர வெள்ளைச் சேலை என்னத்துக்கு ஆகிறது? சேறும் சகதியுமாப் போய் நான் பிள்ளை எடுக்கிறதோ? ரெண்டு விரலுக்கு மேல விட்டியளெண்டால் உந்தத் தகரத்தை நீங்களே வைச்சிருங்கோ!"

அவர் இரண்டாம் முறையும் சொன்னார். நான் இரண்டாம் முறையும் சத்தம் போட்டேன். என் வாயை எதிர்த்து நின்று வென்றவர் இந்த ஊரில் யார்? இரண்டு விரல் விட்டுத் தட்டிக் கொடுத்தார். என் சேலையில் ஒரு பொட்டுச் சேறு படவில்லை. இராசமலரின் பாய்தான் நனைந்தது.

பிரதாபன் வந்து கத்திய அன்று நான் எங்கே இருந்தேன்? அந்தக் கராஜிலேயே, மர வாங்கில் குந்தி, முழங்காலில் கட்டோடு இருந்தேன். வாய் திறக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. அவர்கள் போன பிறகுதான் கேட்டேன், ஏன் சொல்லவில்லை என்று. அவர் குறட்டைத் தேடிக்கொண்டே சொன்னார்:

"என்னில நம்பிக்கை போனாப் பரவாயில்லை மிஸி. சைக்கிள் திருத்த வேற ஆள் இருக்கு. பிள்ளை எடுக்க இந்தப் பக்கம் உங்களை விட்டால் ஆர் இருக்கினம்? சனம் உங்களை நம்பவேணும்."

சொல்லிவிட்டு அந்த மட்காட்டைக் கழற்றி எறிந்தார். அடுத்த பீப்பாயை வெட்டினார். நான்கு விரல் விட்டார். இந்த முறை நான் மூச்சும் விடவில்லை. அன்றிலிருந்து நான்கு மாரி. களி ஏறுகிறது, உதிர்ந்து விழுகிறது. சேறு என் சேலையில் தெறிக்கிறது. ஒரு தாயிடமும் நான் பிந்திப் போகவில்லை.

பிரதாபன் தம்பி, தலையைக் குனியாதீர்கள். குனிய வேண்டியவள் நான். மீனம்மா, உங்கள் கணவரின் நல்ல பெயரை நான்கு ஆண்டுகள் நான் வைத்திருந்தேன். இந்தச் சபை அறிய இன்று திருப்பித் தருகிறேன். என்னை நீங்கள் மன்னித்தாலும் சரி, மன்னிக்காவிட்டாலும் சரி, அது உங்களுக்கு உரியது.

ஆனால் அழுதுவிட்டு வீட்டுக்குப் போவதற்கா கூடினோம்? இல்லை! குளத்துக்கு அந்தப் பக்கக் கிராமங்களுக்குப் புதிதாக வந்திருக்கும் மருத்துவமாது விமலேஸ்வரியின் சைக்கிள் இப்போது அந்தப் புளியமரத்தின் கீழே நிற்கிறது. அகலச் சில்லு பூட்டியாகிவிட்டது. மட்காட் இல்லை. அதைத் தட்ட முன்னரே பாஸுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. மாரி தொடங்கிவிட்டது. அவள் பொறுப்பில் பதினொரு கர்ப்பிணித் தாய்மார் இருக்கிறார்கள். பாஸ் போய்விட்டார் என்று அந்தப் பதினொரு பிள்ளைகளும் வயிற்றுக்குள் காத்திருக்குமா?

நேற்று மீனம்மாவிடம் போனேன். அவரே என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போய்ப் பீப்பாய்த் தகரத்தைக் காட்டினார். பாஸ் சோக்கட்டியால் கோடு போட்டு வைத்திருந்தார்.

"அளவெல்லாம் போட்டு வச்சிட்டுத்தான் போயிருக்காரு மிஸி. வெட்டத் தெரியும், வளைக்கத் தெரியும். மறுபக்கம் புடிக்கத்தான் ஒரு ஆளு வேணும்" என்றார்.

நாளைக் காலை அந்த மறுபக்கத்தை நான் பிடிப்பேன். ஆணி வெட்டத் தெரிந்தவர்கள் வாருங்கள். பீப்பாய் வைத்திருப்பவர்கள் கொண்டு வாருங்கள். ஒரு சைக்கிளோடு இது நிற்காது. இந்த மண்ணில் மணலும் களியும் தாண்டிப் போகவேண்டிய ஒவ்வொரு மருத்துவமாதுவுக்கும் அகலச் சில்லு பூட்டுவோம். ஏலாது என்று யாராவது சொன்னால், பாஸ் எனக்குச் சொன்ன பதிலை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

கதிர்காமநாதன் பாஸ் அவர்களே! இந்தச் சேற்றை நான் கழுவாமல் வந்தது உங்களுக்காக. இதோ, சபை முழுவதும் பார்க்க என் கையைச் சில்லின் மேல் வைப்பது போல வைக்கிறேன். நாளைக்கு மீனம்மா தகரத்தைத் தூக்கிப் பிடித்து "எவ்வளவு விடட்டும் மிஸி?" என்று கேட்பார். நான் சத்தம் போடமாட்டேன்.

நாலு விரல், பாஸ்.