தாழ்ப்பாள் எந்தப் பக்கம்?

...எந்தப் பக்கம், எந்தப் பக்கம்னு கேட்டுக்கிட்டே இருக்கீங்களேண்ணே! தாழ்ப்பாள் போடக் கூப்பிட்டேனா, வழக்கு விசாரிக்கக் கூப்பிட்டேனா? உளியைக் கீழ வையுங்க, சொல்றேன்.

எங்களுக்குள்ள டைவர்ஸ் கேஸ் நடக்குதுண்ணே. அடிதடியெல்லாம் இல்ல. நான் ஓயாம பேசுறேனாம்! நானா? நீங்களே சொல்லுங்க... சரி, சொல்ல வேணாம்.

வீடு அவரு பேர்ல. அதனால நான் பெட்டியைக் கட்டிட்டேன். வக்கீலம்மாதான் தடுத்தாங்க. 'பேரு யாரு பேரா இருந்தா என்னம்மா? நீங்க குடும்பம் நடத்துன வீடு. கோர்ட்டு சொல்லாம உங்களை யாரும் வெளிய தள்ள முடியாது. நீங்களா போனீங்கன்னா திரும்ப உள்ள வர்றதுதான் பெரும்பாடு'ன்னாங்க.

போகத்தான் எங்க போறது? தம்பி வீட்டுக்குப் போனேன். தம்பி பொண்டாட்டி வாசல்லயே, 'வாங்கண்ணி, எப்ப கிளம்புறீங்க?'ங்குறா. வாடகைக்கு ஒரு ரூம் பாத்தேன். அங்க வீட்டுக்காரர் கேக்குறாரு, 'உங்க வீட்டுக்காரர் என்ன பண்றாரு?'ன்னு. ஒரு வீட்டுக்காரர் வேணாம்னுதானே இன்னொரு வீட்டுக்காரர்கிட்ட வந்து நிக்கிறேன்!

சரி, இருக்குற வீட்டையே பிரிச்சுக்குவோம்னு முடிவாச்சு. 'நீயே முதல்ல எடுத்துக்க'ன்னாரு. விடுவேனா? பெட்ரூம், கட்டில், பீரோ, ஜன்னல், பாத்ரூம், எல்லாம் என் பக்கம்! 'இனி உங்க பக்கம் காலே வைக்க மாட்டேன்'னு ரோஷமா வேற சொல்லிட்டேன். சொல்லி முடிச்சிட்டுப் பாக்குறேன்... அடுப்படியும் வாசக்கதவும் அவரு பக்கம்.

சிரிக்காதீங்கண்ணே.

இப்ப வேலைக்குக் கிளம்பணும்னா, பஸ்ல கடைசி சீட்டுலேருந்து இறங்குற மாதிரி, 'கொஞ்சம் வழி விடுங்க'ன்னு கேட்டுட்டுத்தான் போறேன். அவரு பேப்பரை இறக்க மாட்டாரு, காலை மட்டும் தூக்குவாரு. அவரு குளிக்க வந்தா இந்த பெட்ரூம் கதவைத் தட்டணும். 'யாரு?'ம்பேன். 'நான்தான்'ம்பாரு. 'நான்தான்னா எந்த நான்?'ம்பேன். அதுல எனக்கு ஒரு சின்ன சந்தோஷம், இல்லேங்கல.

நேத்து சாயங்காலம் வந்தாருண்ணே. தட்டல. கதவுக்குக் கீழ கால் நிழல் மட்டும் தெரியுது. தட்டவும் இல்ல, போகவும் இல்ல. நானும் இந்தப் பக்கம் வந்து நின்னேன்... வாயே திறக்கல. நான்! கொஞ்ச நேரம் கழிச்சு நிழல் போயிடுச்சு. இன்னும் ஒரு நிமிஷம் நின்னிருந்தா நானே திறந்திருப்பேன். அதுக்குத்தான் இந்தத் தாழ்ப்பாள். அவருக்காக இல்ல.

அதனால என் பக்கமே போட்டுடுங்க. இல்ல, இருங்க... என் பக்கம் போட்டா அவரு எப்படிக் குளிப்பாரு? அவரு பக்கம் போட்டா, கோபத்துல இழுத்துப் போட்டுட்டாருன்னா நான் எப்படிச் சாப்பிடுறது, எப்படி வெளிய போறது? பிரிக்கும்போது யோசிச்சிருக்கணும், புத்தி பீரோ மேல போச்சு! இந்தா பாருங்க, எவ்வளவு பெரிய பீரோ... அண்ணே?

அண்ணே! எங்க போயிட்டீங்க?

அடுப்படியில என்ன பேச்சு சத்தம்? டம்ளர் சத்தம் வேற... டீயா? என்கிட்ட கூலி பேசிட்டு அந்தப் பக்கம் உக்காந்து டீ குடிக்கிறீங்களா!

...நல்லா கொதிக்குது போலிருக்கே. அண்ணே, எனக்கும் ஒரு டம்ளர் ஊத்தச் சொல்லுங்க.

நான் சொன்னேன்னு சொல்லாதீங்க.